சிறுநீரக இரத்தக்குழாய்க் காயங்களும் அவற்றின் அறுவைச் சிகிச்சையும்

மனித உடலின் எடையில் இரு சிறுநீரகங்களின் பங்கு ஏறத்தாழ அரை விழுக்காடே. எனினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்குக் குறையாத அளவு, அவற்றினூடே பாய்கின்றது. இவ்வளவு பெரிய ஓட்டம் ஒவ்வொரு பக்கத்திலும் பெரும்பாலும் ஒரே தமனி வழியாக உட்சென்று, ஒரே சிரை வழியாக வெளியேறுகின்றது. (தமனியை ‘நாடி’ என வழங்குவாரும் உளர். மணிக்கட்டில் துடிப்பதையும் அச்சொல் குறிக்குமாதலின் இங்கு அதனைத் தவிர்த்துள்ளோம்.)

கத்தியோ துப்பாக்கிக் குண்டோ பாய்ந்து குழாய் அறுபடுவதை எளிதில் உணரலாம். ஊர்தி மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ அடிபட்டவரிடம் நேரும் காயமே கண்ணுக்குப் புலனாகாதது. கொழுப்பு மெத்தையில் கிடக்கும் சிறுநீரகம், காம்பில் தொங்கும் காயைப் போன்றது. விரைந்து செல்லும் உடல் திடீரென நின்றுவிட, சிறுநீரகம் மட்டும் மேலும் சிறிது நகர்ந்து தமனியை இழுக்கின்றது. தமனியின் வெளிப்படலங்கள் நெகிழ்ந்து கொடுக்கும், உட்படலமோ கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். வெளியே ஒரு துளியும் சிந்துவதில்லை. சிறுநீரில் இரத்தம் காண்பது சிறுநீரகக் காயத்திற்குப் பொதுவான அறிகுறியே. ஆனால் தமனி முற்றும் அடைபட்டவர் பலரிடம் அதுவும் காணப்படுவதில்லை. சிரையில் நிறப்பொருளைச் செலுத்தி எடுக்கும் சி.டி. படத்தில், ஒரு பக்கச் சிறுநீரகம் ஒளிராமல் இருப்பதே உண்மையைக் காட்டிக்கொடுக்கின்றது.

இதற்குள் காலம் கடந்துவிடுகின்றது. இரத்தமின்றிச் சிறுநீரகம் பெருந்தீங்கில்லாமல் தாங்குவது ஏறக்குறைய ஒரு மணி நேரமே. 4 முதல் 6 மணி நேரத்திற்குப் பின் அது மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. தலையிலும் மார்பிலும் காயமுற்ற ஒருவர் மருத்துவமனையை அடைந்து, பரிசோதனைகள் முடிந்து, அறுவை மேசைக்கு வருவதற்குள் இந்நேரம் கழிந்துவிடுவதே வழக்கம்.

அறுவைக்கு உட்படுத்துங்கால், வயிற்றை நடுவில் நெடுக்காகத் திறந்து, சிறுநீரகத்தைச் சூழ்ந்த உறையைத் தொடுமுன் பெருந்தமனியின் அருகிலேயே குழாய்களைப் பிடித்துக்கொள்ளுதல் நன்று என்பர் பலர். உறை தேக்கி வைத்திருக்கும் இரத்தம், அதனைத் திறந்தவுடன் பீறிட்டெழக்கூடும். சிறு கிழிசலைத் தைக்கலாம். சிதைந்த பகுதியை நீக்கி முனைகளை இணைக்கலாம். அல்லது காலிலிருந்து எடுத்த சிரைத்துண்டை இடையே பொருத்தலாம். சிரைக் காயத்தில் இரு பக்கமும் ஒன்றல்ல. இடப்பக்கச் சிரையில் வேறு சிறு சிரைகளும் வந்து கலப்பதால், அதனைப் பெருஞ்சிரையின் அருகே கட்டிவிட்டாலும் இரத்தம் மாற்றுவழியில் வடியும். வலப்பக்கத்தில் அவ்வழி இல்லை. அங்கே கட்ட நேரின் சிறுநீரகத்தையும் அகற்றவேண்டியிருக்கும்.

தமனியை இணைக்கும் தையல்முறையை அலெக்சிஸ் காரெல் 1902-இல் வெளியிட்டு, 1912-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயின் ‘குழாய் திறந்துள்ளது’ என்பது வேறு, ‘சிறுநீரகம் தொழிற்படுகின்றது’ என்பது வேறு. மருத்துவ அறிக்கைகளைத் தமிழாக்குவோர் இரண்டையும் ‘வெற்றி’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடலாகாது. செம்மையாகத் தைக்கப்பட்ட தமனிக்கு அப்பால் சிறுநீரகம் சுருங்கிப்போவது அரிதன்று. அரைகுறையாக இரத்தம் பெறும் சிறுநீரகம் மிகை இரத்த அழுத்தத்தைத் தோற்றுவிக்கும் என்பதை, நாய்களின் சிறுநீரகத் தமனிகளை இறுக்கி 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் காட்டினார்.

ஆகவே, மற்றொரு சிறுநீரகம் நலமாக இருப்பின், காலங்கடந்த தமனி அடைப்பைத் திறக்க இன்று பலர் முயல்வதில்லை. இரத்தப்போக்கு நில்லாவிடின் சிறுநீரகத்தை அகற்றுவர். இல்லையேல் அதனை அப்படியே விட்டுக் கண்காணிப்பர். ஒரு சிறுநீரகத்துடன் மனிதர் வாழமுடியும் என்பதை ஹைடெல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் 1869-இலேயே மெய்ப்பித்தார். இரு பக்கமும் அடைபட்டாலோ, இருப்பதே ஒன்றாயினோ, காலம் கடந்தும் முயன்று பார்ப்பர். தொடைத் தமனி வழியே மெல்லிய குழலைச் செலுத்தி உட்தாங்கி பொருத்துவதும், இரத்தம் கசியும் கிளையை மட்டும் அடைப்பதும் இப்போது கைவரப்பெற்ற முறைகள்.

பிழைத்து வீடு திரும்பியவரின் இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து வருதல் வேண்டும். அது சில வாரங்களில் உயர்வதுமுண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் உயர்வதுமுண்டு.