விடை எந்த வரியில் இருக்கிறது?

அன்பு மகளுக்கு,

பிளஸ் டூ ஆங்கிலத்துக்காகப் பயிற்சிப் புத்தகம் வாங்கி, பாடத்தில் இல்லாத பத்திகளை நாள்தோறும் போட்டுப் பார்க்கிறாய், ஆனாலும் மதிப்பெண் இருந்த இடத்திலேயே நிற்கிறது என்று உன் அப்பா சொன்னான். இன்னொரு புத்தகம் வாங்கித் தரலாமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். பத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வாசிப்பு வளர்ந்துவிடாது. விடை சரியா தப்பா என்று பார்ப்பதோடு நின்றால் அது வெறும் சோதனை. அந்த விடை பத்தியின் எந்த வரியிலிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் பயிற்சி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு பத்தி, ஐந்து கேள்வி. கடைசிப் பக்கத்தைப் புரட்டி மூன்று சரி, இரண்டு தப்பு என்று குறித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது. அந்த இரண்டும் ஏன் தப்பாயின என்று பார்க்காததால் அதே தப்பு நாளைக்கும் வருகிறது. அலையாத்திக் காடுகளைப் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள். புயல் நேரத்தில் அடர்ந்த காடு அலையின் வேகத்தைத் தணிக்கக்கூடும், ஆனால் காட்டின் அகலத்தையும் அலையின் உயரத்தையும் பொறுத்து அது மாறும் என்கிறது பத்தி. ஆசிரியரின் கருத்து என்ன என்பது கேள்வி. 'அலையாத்திக் காடுகள் கரையோர ஊர்களைப் புயலிலிருந்து காப்பாற்றுகின்றன' என்பது ஒரு விடை. 'பாதுகாப்பின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும்' என்பது இன்னொன்று. முதல் விடையில் பத்தியின் சொற்கள் அப்படியே இருக்கின்றன. பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு அது உண்மையாகவும் படும். கை தானாக அங்கே போகும். ஆனால் பத்தியில் இருக்கும் 'மே' என்ற துணைவினையும், 'பட்' என்று திரும்பும் இடமும் அந்த விடையைத் தள்ளிவிடுகின்றன. அளந்து சொன்ன கருத்தை அடித்துச் சொன்னதாக மாற்றிவைப்பது கேள்வி தயாரிப்பவர்களின் பழைய உத்தி. ஒரு முறை வரியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை அது வேறு வேடத்தில் வந்தாலும் தெரிந்துவிடும்.

ஆகவே வாரத்துக்கு மூன்று பத்தி போதும். விடைப் பக்கத்தைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பென்சிலால் கோடிட்டுவிடு. தப்பான கேள்விக்குப் பக்கத்தில் காரணத்தை எழுது: சொல் தெரியவில்லையா, நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எது பயனிலை எது என்று பிடிபடவில்லையா, 'இட்', 'தே' போன்றவை எதைச் சுட்டுகின்றன என்பதில் குழப்பமா, பத்தியில் இல்லாததை நீயாகச் சேர்த்துக்கொண்டாயா. ஒரு மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் உன் பலவீனம் எங்கே என்று புலப்படும்.

'சொல்லே தெரியாதபோது வரியைத் தேடி என்ன பயன்?' என்று நீ கேட்கலாம். நியாயம்தான். ஒரு பத்தியைத் துணையில்லாமல் ஓரளவு நன்றாகப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது 300 சொல் கொண்ட பத்தியில் தெரியாதவை ஆறுக்குள் இருக்க வேண்டும். அதற்காகச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடாதே. பட்டியலில் படித்த சொல் வாக்கியத்தில் வந்தால் பல நேரம் அடையாளம் தெரிவதில்லை. இப்போதைக்கு எளிய பத்திகளை எடு. தெரியாத சொல்லின் பொருளை முன்பின் வரிகளை வைத்து ஊகித்துவிட்டுப் பிறகு அகராதியைப் பார்.

சொல்லைப் போலவே பொருளறிவும் வாசிப்பைத் தாங்குகிறது. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேரைப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கச் செய்து, 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டம் தெரிந்த சுமாரான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். எனவே உயிரியல், பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்று எதையாவது ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கம் வாசிப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான். 'அப்படியானால் தெரிந்ததை வைத்தே விடை எழுதலாமே' என்று மட்டும் நினைக்காதே. பிச்சாவரம் தெரிந்தவர்கள் ஏமாறும் இடம் அதுதான். பொருளறிவு பத்தியைப் புரிந்துகொள்ள உதவட்டும். விடைக்குப் பத்திதான் சாட்சி.

அடுத்த மறுப்பு நேரத்தைப் பற்றியது. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் 120 நிமிடத்தில் 120 கேள்வி. பத்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 சொல். இப்படி நின்று நிதானமாகப் படித்தால் முடியுமா? தேர்வறையில் கோடிட்டுக்கொண்டு உட்கார முடியாது, உண்மை. ஆனால் வேகம் வருவது கண்ணை விரட்டுவதால் அல்ல. வாசிப்பைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ரெய்னர் குழுவினர் 2016-இல் எழுதிய கட்டுரை, வேகத்தை மிகவும் கூட்டினால் புரிதல் குறைகிறது என்றும், மொழித் திறன் வளர்வதே வேகத்துக்கு வழி என்றும் சொல்கிறது. கிளாட்டில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் பறிபோகும். அவசரத்துக்கும் விலை உண்டு. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கடிகாரத்தை எடுத்து வை, அதற்கு முன் வேண்டாம். கேள்விகளை முதலில் ஒரு பார்வை பார்ப்பதில் தவறில்லை; கேள்வியில் உள்ள சொல்லை மட்டும் பத்தியில் தேடி, கிடைத்த இடத்தில் விடை எடுப்பதுதான் தவறு.

கடைசியாக மதிப்பெண் கணக்கு. சி.பி.எஸ்.இ.யில் 80-க்கு 22 வாசிப்புப் பகுதிக்குப் போகிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில், 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பாடமும் இலக்கணமும் கடிதமும் போக, பாடத்தில் இல்லாத பத்திக்குக் கிடைப்பது சிறு பங்குதான். கைடை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஜூனுக்குப் பிறகு கல்லூரியில் உன் கையில் வரப்போவது ஆங்கிலப் புத்தகம். அதற்குக் கைடு கிடைக்காது. யார் என்ன சொன்னார், எவ்வளவு உறுதியாகச் சொன்னார், எந்த ஆதாரத்தில் சொன்னார் என்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் கைகொடுக்கும்.

இந்த வாரம் புதுப் பத்தி எதுவும் போடாதே. போட்டு முடித்தவற்றில் தப்பான விடைகளை மட்டும் எடுத்து, சரியான விடைக்குரிய வரியைக் கண்டுபிடித்துக் காரணத்தை எழுதி எனக்கு அனுப்பு. எங்காவது வரியே அகப்படவில்லை என்றால் அதையும் எழுது. புத்தகத்தின் விடையே தப்பாக இருப்பதும் உண்டு.

அன்புடன்,
உன் பெரியப்பா