மட்கார்டு உட்காரும் இடமல்ல

கேள்வி: சென்ற ஆண்டு என் கணவர் பழைய டிராக்டர் ஒன்றும் ரொட்டவேட்டரும் வாங்கினார். எட்டு வயது மகன் மட்கார்டில் உட்கார்ந்துதான் வயலுக்குப் போகிறான். தடுத்தால், "நானும் அப்படித்தானே வளர்ந்தேன்" என்கிறார். மாமனாரோ வேட்டியோடு, ஓடும் ரொட்டவேட்டர் பக்கத்தில் நின்று சிக்கிய புல்லைப் பிடுங்கிவிடுகிறார். சொன்னால், எனக்குப் பயம் ஜாஸ்தி என்கிறார்கள். நான் பயப்படுவது தப்பா?
— வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: தப்பே இல்லை, சகோதரி. அந்த இயந்திரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

முதலில் பையன். வரப்பு ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல் போதும். மட்கார்டிலிருந்து சரிகிற பிள்ளை பின்சக்கரத்துக்கு அடியில் விழலாம். இல்லையென்றால் ரொட்டவேட்டருக்கு முன்னால். ஓட்டுபவரின் கண் முன்பக்கம் இருக்கும், எஞ்சின் சத்தத்தில் அலறலும் கேட்காது. உங்கள் கணவர் சிறுவனாக இருந்தபோது பின்னால் வந்தது பெரும்பாலும் கொக்கிக் கலப்பை. இன்று வருவது சுழலும் கத்தி. தவிர, "நான் வளரவில்லையா" என்று கேட்கத் தப்பித்தவர்கள்தான் இருக்கிறார்கள். விழுந்த பிள்ளைகள் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. டிராக்டரில் சீட் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். அதற்காகப் பையனின் ஆசையைக் கொல்ல வேண்டாம். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை அப்பா சட்டைப்பையில் போட்டபின் ஏறி உட்காரட்டும், கழுவட்டும். ஓட்டுவது 18 வயதுக்குப் பின், லைசென்ஸோடு.

உண்மையில் எனக்கு அதிகக் கவலை உங்கள் மாமனாரைப் பற்றித்தான். எஞ்சினிலிருந்து ரொட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு 9 சுற்று. கைக்குள் அடங்கும் பருமன்தானே என்று தோன்றும். ஆனால் அதன் சுற்றளவு ஒரு சாண் என்று வைத்தால்கூட, ஒரே நொடியில் நாலு முழ வேட்டியை முழுசாக உருவிவிடும். வேட்டி மட்டும் போனால் அதிர்ஷ்டம். இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். தோளில் தொங்கும் துண்டு, முந்தானை, பின்னல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஜாக்கிரதையாக இருப்பேன் என்பதில் பயனில்லை. துணி மாட்டியபின் ஜாக்கிரதைப்பட நேரமே கிடையாது.

அதனால் ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. உடைந்ததும் கழற்றி எறிந்திருப்பார்கள். புதிது வாங்கி மாட்டி, உறையும் கூடவே சுற்றாதபடி அதன் சங்கிலியைக் கட்டச் சொல்லுங்கள். மாமனார் அரைக்கால் சட்டைக்கு மாற மறுத்தால், ரொட்டவேட்டர் பக்கமே வரக் கூடாது. புல்லை எடுப்பது எஞ்சின் நின்றபின், தூக்கிய ரொட்டவேட்டருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்தபின். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அதற்கடியில் கை விடக் கூடாது.

உங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று. சேற்றுழவில் சக்கரம் புதைந்தால் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுக்கும் பழக்கம் உண்டு. சக்கரம் சுற்ற முடியாமல் போனால் எஞ்சினின் வேகம் வண்டியையே தூக்கும். முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேல் மல்லாக்கக் கவிழும். பின்னோக்கி எடுங்கள், முடியாவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள். கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கிவிட்டது. நம்மூரில் வெயிலுக்குப் போடும் தகரக் கூரை அந்த வேலையைச் செய்யாது. சாலையில் போகும்போது இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துக் கொக்கி போட்டுக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி சட்டென்று ஒரு பக்கம் திரும்பிக் கவிழும்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. பல பழைய டிராக்டர்களில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது; டீசலை நிறுத்தும் குமிழைத் தனியாக இழுக்க வேண்டும். ஆபத்தில் அதைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. அது எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது என்று இந்த வாரமே கணவரிடம் கேட்டு, உங்கள் கையாலேயே ஒருமுறை எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு 108.