தரை தொட்டும் நிற்காத மோட்டார்: எந்த வழி சரி?

வாலிகண்டபுரம் சுற்றுவட்டாரக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் முக்கிய மானாவாரிப் பயிர்கள். 2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கன் படைப்புழு பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆள் உயரப் பயிருக்குள் நுழைந்து மருந்தடிப்பது சிரமம் என்பதால் இங்கே ட்ரோன் கைகொடுக்கிறது. ஆனால் கால்கள் தரையில் பட்ட பிறகும் மோட்டார்கள் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? தானாக நிற்கும்வரை காத்திருக்கலாம், ரிமோட்டில் உயரத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டில் ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடிக்கலாம், அவசர நிறுத்த சுவிட்சைத் தட்டலாம், ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றலாம். இவற்றில் முதலில் செய்யவேண்டியது ஸ்டிக்கை இழுத்துப் பிடிப்பதுதான். கடைசி வழியை மறந்தேவிட வேண்டும்.

காரணம், பெரும்பாலான நேரங்களில் இயந்திரம் பழுதாகியிருப்பதில்லை. தான் இறங்கிவிட்டோமா என்பது அதற்கு உறுதிப்படவில்லை, அவ்வளவுதான். மோட்டாரின் வேகம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டதா, இறங்கும் வேகம் பூஜ்ஜியமா, அதிர்வு அடங்கியதா என்று ட்ரோனின் கட்டுப்பாட்டுக் கருவி பார்க்கிறது. உயரம் காக்கும் முறையில் ஸ்டிக் நடுவில் இருந்தால் ‘இதே உயரத்தில் நில்’ என்பதே அதற்குக் கிடைக்கும் கட்டளை. தரை தொட்டதும் ஓட்டுபவர் நிம்மதியாக விரலை எடுத்துவிடுகிறார். ஸ்பிரிங் ஸ்டிக்கை நடுவுக்குத் தள்ளிவிடுகிறது. கருவியும் அந்த உயரத்தைக் காக்கவே முயல்கிறது. ஸ்டிக்கைக் கீழேயே சில விநாடிகள் பிடித்தால் சந்தேகம் தீர்ந்து மோட்டார்கள் நின்றுவிடும்.

காத்திருந்தால் போதாதா? ஸ்டிக் கீழே இருந்தால் சமதரையில் போதும். ஆர்டுபைலட் மென்பொருளில் தரையில் திராட்டில் அடிமட்டத்தில் இருந்தால் இயல்பாக 10 விநாடியில் மோட்டார் அணைகிறது. பிஎக்ஸ்4 மென்பொருள் இறங்கியதை உணர்ந்த 2 விநாடியில் அணைத்துவிடுகிறது. ஆனால் மழைக்குப் பிந்தைய கரிசல் சமதரை அல்ல. ஒரு கால் சேற்றில் புதைந்து ட்ரோன் சாய்ந்தால், அதை நிமிர்த்தக் கருவி ஒரு பக்க மோட்டார்களுக்கு விசையைக் கூட்டிக்கொண்டே போகும். காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அது கவிழும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அவசர சுவிட்ச் இந்த இடத்துக்குத்தான்.

அப்படியானால் தினமும் அந்தச் சுவிட்சையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உடனே நிற்கிறது என்பது உண்மை. ஆனால் வழக்கமாகிவிட்ட கை தரைக்கு ஒரு முழம் மேலேயே அதைத் தட்டிவிடும். மருந்து நிறைந்த தொட்டியோடு ட்ரோன் விழும். அதோடு, ஸ்டிக்கின் அளவுதிருத்தம் பிசகி அதன் அடிமட்டம் கருவிக்கு எட்டாமல் இருந்தால், சுவிட்ச் அந்தக் குறையை மாதக்கணக்கில் மறைத்துவிடும்.

பேட்டரியைக் கழற்றும் பேச்சை நான் அடியோடு மறுப்பது இன்னொருவரை நினைத்து. 2021 ட்ரோன் விதிகளின்படி மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பேட்டரி மாற்றவும் தொட்டி நிரப்பவும் கூட வரும் உதவியாளருக்கு அப்படி எந்தப் பயிற்சியும் கட்டாயமில்லை. விசிறிக்குப் பக்கத்தில் கை வைப்பவர் அவர்தான். சுற்றும் விசிறி எல்லாம் நின்றது கண்ணுக்குத் தெரியும்வரை அவரை நெருங்க விடக்கூடாது.

காட்டில் சமதரைக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஊர்க் களம் பக்கத்தில் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் கனமான பிளைவுட் பலகை ஒன்றை வண்டியில் கொண்டுபோகலாம். தார்ப்பாய் வேண்டாம், விசிறிக் காற்று அதன் ஓரத்தை மேலே இழுத்துவிடும்.

ரிமோட் ‘டிஸ்ஆர்ம்’, அதாவது மோட்டார்கள் அணைக்கப்பட்டன, என்று காட்டிய பிறகும் ஒரே ஒரு மோட்டார் மட்டும் சுற்றினால் கதை வேறு. அங்கே ஸ்டிக்கும் சுவிட்சும் உதவாமல் போகலாம், ஏனென்றால் நிறுத்தும் கட்டளை ஏற்கெனவே போய்விட்டது. அந்த மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையான ஈஎஸ்சி அதைச் சரியாகப் படிக்கவில்லை, அல்லது மருந்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த ட்ரோனை அன்றைக்கு மறுபடி ஏற்றக்கூடாது. ஈஎஸ்சியைச் சோதிப்பதும் அளவுதிருத்துவதும் எல்லா விசிறிகளையும் கழற்றிவைத்த பிறகுதான்.