கொட்டேஷனில் இல்லாத செலவு

மார்ச் பிறந்தாலே அரசு அலுவலகங்களில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். 31-ம் தேதிக்குள் செலவிடாத ஒதுக்கீடு கையைவிட்டுப் போய்விடுமே என்ற கவலையில், தேவையைப் பார்க்காமல் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கப்படுகின்றன. கடலூர் மாவட்டத்தில் அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: தேவைப் பட்டியலை ஜூன் மாதமே எழுதி முடியுங்கள்.

பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். ஐந்து ஆண்டுக்கு டோனர், யு.பி.எஸ். பேட்டரி, வாரண்டி முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) எல்லாம் அதில் வர வேண்டும். மலிவு விலை பிரிண்டர் டோனரிலேயே தன் விலையைத் தின்றுவிடும். 'குறைந்த விலை கேட்ட எல்-1-க்குத்தான் கொடுக்க முடியும், என்ன செய்வது' என்பார்கள். 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கருவிகளின் பராமரிப்பு, உதிரிபாகச் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்க இடம் தருகின்றன. ஆனால் அதை டெண்டர் ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கவர் பிரித்தபின் சேர்க்க முடியாது.

நம் மாவட்டத்துக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015-ல் வெள்ளம். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே, செப்டம்பரிலேயே யு.பி.எஸ். அறைக்குப் போய்ப் பாருங்கள். பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருக்கிறதா, முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? பணி நேரம் முடிந்தபின் மெயினை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பதிவேட்டில் எழுதுங்கள். தரைத்தளத்தில் சர்வர் இருந்தால் மாடிக்கு ஏற்றுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. புதிதாக வாங்கும் எதையும்விட அதிகம் காப்பாற்றும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதற்காக எல்லாக் கம்ப்யூட்டரையும் கழிக்க வேண்டியதில்லை. பிரவுசரும் தட்டச்சும் மட்டுமே தேவைப்படும் மேஜைக்கு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போதும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் கைரேகைக் கருவியும் அதில் இயங்குகின்றனவா என்று ஒரே ஒரு கம்ப்யூட்டரில் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். கழித்தவற்றைப் பழைய இரும்புக்கடைக்குத் தள்ளாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

செலவு பயன் தந்ததா என்பதைக் கருவிகளின் எண்ணிக்கை சொல்லாது. கிள்ளையிலிருந்து ஒரு மீனவப் பெண் மகளின் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறார். சான்று கைக்கு வர எத்தனை நாள் ஆனது? அதற்காக அவர் எத்தனை முறை பஸ் ஏறி சிதம்பரம் வந்தார், எத்தனை நாள் கூலியை விட்டார்? வாங்குவதற்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் இந்தக் கணக்கை எடுங்கள். குறையவில்லை என்றால் அடுத்த ஆண்டு கம்ப்யூட்டருக்குப் பணம் கேட்காதீர்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும் வழியில் யாருடைய லாகினில் தேங்குகிறது என்று பாருங்கள். அங்கே பணியிடம் காலியாக இருக்கலாம். அப்படியானால் கேட்க வேண்டியது ஆள்.