பேரேட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதே

இளையாத்தங்குடி

அன்புள்ள மெய்யம்மைக்கு,

பரணில் கிடக்கும் பேரேடுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வணிகவியல் படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஒன்றைக்கூடப் போடாதே.

நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை ஏஜெண்டு நடத்துவார். சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து மூன்று வருடத் தவணைக்குக் கப்பலேறியவர் அவர். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320 என்று கீழ்வாய் இலக்கம் முழுக்க அந்தப் பையனுக்கு மனப்பாடம். வட்டியை மனசிலேயே போட்டாக வேண்டுமே! ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்வார்கள். கடையில் அன்றாடக் குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, அதிலிருந்து ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். கடையைக் கண்ணால் பார்க்காத முதலாளி அதை வைத்தே ஏஜெண்டை எடைபோட்டுவிடுவார்.

இது நமக்கு மட்டுமே வாய்த்த சாமர்த்தியம் என்று மார்தட்ட வேண்டாம். ஈரானில் பெர்செபோலிஸ் கோட்டை மதிலருகே 1933-ல் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் குழு தோண்டியபோது, களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சுடாத மண், பல கைக்கடக்கமானவை. ஆண்டது பாரசீக மன்னன் டேரியஸ், கணக்கெழுதிய மொழியோ பெரும்பாலும் ஈலாமியம். ஈலாமின் எழுத்தர் மரபைப் பாரசீகர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காலம் கி.மு. 509 முதல் 493 வரை. யாருக்கு எவ்வளவு பார்லி, மாவு, திராட்சை மது என்பதை எழுதி, ஈரம் காயும் முன் முத்திரை உருட்டிவிடுவார்கள். ஊர் ஊராக வந்த சில்லறைச் சீட்டுகளைத் தலைமையிடத்தில் பெரிய பலகைகளில் தொகுத்து எழுதினார்கள். குறிப்பும் பேரேடும்தான், வேறென்ன? ரிச்சர்ட் ஹாலக் 1969-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகளைப் படித்து வெளியிட்டார்.

அவற்றில் ஒரு வகையை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்களுக்குத் தனிப்படி கொடுத்த கணக்கு அது. ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு! எழுதியவன் ஓரவஞ்சனையைப் பதிவு செய்ய உட்காரவில்லை. மேலதிகாரி கேட்டால் காட்டவேண்டுமே என்றுதான் எழுதினான். சரித்திரம் எழுதுகிறவர்கள் பூசி மெழுகுவதெல்லாம் இப்படிக் கணக்கில் வெளியே வந்துவிடும்.

நம் கோயில் கணக்கு மட்டும் என்ன? நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் இளையாத்தங்குடி ஒன்று. அதற்குள்ளேயே ஏழு பிரிவு. கல்யாணம் கோயிலில் பதிவாகி, அங்கிருந்து மாலை வந்தால்தான் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. வரி வாங்க வசதியான ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு மனுஷியை அரை என்று எழுதிய கை எனக்கு உறுத்துகிறது.

ஆகவே பேரேடுகளை இறக்கு. ஈரத்துணி படக் கூடாது. காய்ந்த தூரிகையால் தூசி தட்டு. செல்லரித்ததைத் தனியே வை. முதலில் மகமைப் பக்கத்தைத் தேடு: லாபத்தில் சாமிக்கும் தருமத்துக்கும் ஒதுக்கிய பங்கு அங்கே இருக்கும். பிறகு ரங்கூன் கணக்கு. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் நம்மவர்கள் கடையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அந்த வருடத்துக்குப் பிறகும் பாக்கி இழுத்து எழுதியிருந்தால், எந்தக் கடை விலாசத்தின் பேரில், எவ்வளவு என்று எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஐயா