இனிமையும் நுணுக்கமும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

பட்டுக்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஒரு நல்ல ஹெட்போன் வாங்க உத்தேசித்திருப்பதாகவும், சென்ஹைசர் ஹெச்டி 650, பேயர்டைனமிக் டிடி 990 என்னும் இரண்டையும் கேட்டுப் பார்த்ததில் முன்னது காதுக்கு இதமாகவும் பின்னது பாட்டின் சின்னஞ்சிறு சப்தங்களையெல்லாம் பிரித்துக் காட்டுவதாகவும் இருந்ததென்றும், சிநேகிதர்கள் எல்லோரும் நுணுக்கமே உயர்ந்தது, இனிமை என்பது தேர்ச்சியில்லாத காதின் ஆசை என்று சொல்வதால் மனம் குழம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். இளம் வயதில் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ரேடியோ செட் கட்டி, பிற்பாடு கடை வைத்து ஒலிபெருக்கி பழுது பார்த்தே ஜீவனம் நடத்தியவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு.

முதலில், அந்த நுணுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார். மனிதச் செவிக்கு எட்டுவது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. வாய்ப்பாட்டின் ஸ்வரங்களும், கமகமும், பிருகாவும், வயலினின் இழைவும் பெரும்பாலும் இதன் கீழ்ப்பகுதியில், சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து மூவாயிரம் ஹெர்ட்ஸுக்குள்ளாகவே நடந்து முடிந்துவிடுகின்றன. டிடி 990 என்ன செய்கிறதென்றால், எட்டாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஸ்தாயியைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கிறது. மூச்சு விடும் ஓசை, உதடு பிரியும் ஓசை, ஸகரத்தின் சீறல், ஜாலராவின் ஓரச் சிணுங்கல் ஆகியவையெல்லாம் அந்தப் பிரதேசத்தில் வாசம் செய்பவை ஆதலால், அவை முன்னுக்கு வந்து நிற்க, இதுவரை கேளாததைக் கேட்டுவிட்டோம் என்கிற பிரமை உண்டாகிறது. அந்த ஓசைகள் மற்றதிலும் இருக்கின்றன. தமக்குரிய இடத்தில் அடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஸங்கதியின் நுட்பம் வேறு, சப்தத்தின் துணுக்குகள் வேறு. ரஸிகன் தேடவேண்டியது முதலாவதை.

நீ விடாமல் கேட்பது பழைய பாட்டுகள் என்பதால் இன்னொரு சங்கதி சொல்ல வேண்டும். நம் ஊருக்குப் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, 1959-ல், இருபத்தொன்பதே வயதில் நம்மை விட்டுப் போன கல்யாணசுந்தரம் பாட்டெழுத, ஏ. எம். ராஜா இசையமைத்த 'கல்யாண பரிசு' அதே 1959-ல் வந்தது. அக்காலத்துப் படங்களின் ஒலி, பிலிம் சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதியப்பட்டு, ஒரே தடத்தில் ஓடியது. எட்டாயிரம் ஹெர்ட்ஸை எட்டும்போது அதில் சங்கீதம் அநேகமாக ஓய்ந்துபோயிருக்கும். அதற்கு மேல் மிஞ்சுவது பிலிமின் இரைச்சலும் இசைத்தட்டின் கீறலுமே. ஆக, டிடி 990 தூக்கிப் பிடிக்கும் அந்த இடத்தில், அப்படத்தில் பாடிய ராஜாவின் குரலும் இல்லை, சுசீலாவின் குரலும் இல்லை, நம் கவிஞரின் சொல்லும் இல்லை. நுணுக்கத்தை விரும்பி விலை கொடுத்தவன் இரைச்சலை நுணுக்கமாகக் கேட்டுக்கொண்டிருப்பான். பாட்டுக்கு நடுவே ஹெட்போனைக் கழற்றி வைக்கத் தூண்டும் கருவி எத்தனை கெட்டிக்காரக் கருவியானாலும் அதனால் பிரயோஜனம் இல்லை.

இனிமையை நாடுவது தேர்ச்சியற்றவர் காரியம் என்று உன் சிநேகிதர்கள் சொன்னது எனக்கு மெய்யாகவே வருத்தமளித்தது. நம் காவிரிக்கரையின் சரித்திரமே அதற்கு நேர் விரோதமானது. முற்காலத்தில் வீதிப் புறப்பாட்டில் வெகு தூரம் எட்ட வேண்டும் என்பதற்காகத் திமிரி நாயனத்தை நான்கு, ஐந்து கட்டை சுருதியில் வாசித்தார்கள். குட்டையான வாத்தியம், கூர்மையான நாதம். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு, நீளமும் கனமும் கூடிய பாரி நாயனத்தைச் செம்மைப்படுத்தி, இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கி வாசித்தார். அவருக்கு நிகரான ஞானஸ்தர் நாகஸ்வரத்தில் உண்டா? அவரே கூர்மையை விட்டுக் கம்பீரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதனால் அவருடைய தோடியில் ஒரு அனுஸ்வரமாவது மறைந்துபோயிற்று என்று சொன்னவர் இல்லை. ஸ்தாயி இறங்கியதும் ராகத்தின் ஒவ்வொரு அசைவும் நின்று நிதானமாகச் செவிக்குப் புலப்பட்டது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது எனக்குண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

மிருதங்கத்தையும் எடுத்துக்கொள். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில், வலந்தலையில் அப்பிய கரணையினால் அதன் மேற்சுருதிகள் ஐந்து வரை ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்று எடுத்துக்காட்டினார். மற்றப் பல தோற்கருவிகளுக்கு வாய்க்காத அந்த ஸ்வர லட்சணம் முழுவதும் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. இடந்தலையின் கும்கி அதற்கும் கீழே. மேல் ஸ்தாயி துருத்திக்கொண்டு நிற்கும் ஹெட்போனில் விரல் தோலைத் தொடும் 'டக்' என்ற சப்தம் முந்திக்கொண்டு வருகிறதே ஒழிய, இடந்தலையின் கார்வை பின்தங்கிவிடுகிறது. லயத்தின் சுகத்தில் பாதி அந்தக் கார்வையில் இருக்கிறது, அப்பனே! தம்புராவுக்கு மாத்திரம் நான் விலக்குக் கொடுப்பேன். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகிய நூல், தந்தியிலிருந்து எழுப்பும் மேற்சுருதிகள் வெகு உயரம் செல்வதால், அதன் ரீங்காரம் டிடி 990-ல் அபூர்வமாகவே இருக்கும்.

நுணுக்கம் யாருக்கு அவசியம் என்றால், தொழிலாக ஒலியைப் பரிசோதிப்பவருக்கு. ஸ்டூடியோவில் ஒரு குரலின் பின்னே மின்விசிறி ஓசை கலந்திருக்கிறதா, இரண்டு டேக்குகளை ஒட்டிய இடம் தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் குறையைக் கண்டுபிடிக்கவே ஹெட்போன் அணிகிறார்கள். நீ அலுவலகம் முடிந்து இரவு பத்து மணிக்குமேல் அறையில் தனியே, பக்கத்து அறைக்காரர் தூங்கும் வேளையில் மெதுவாகக் கேட்கப் போகிறவன். அந்த மெதுவிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒலியின் அளவு குறையக் குறையக் காது மந்தர ஒலியை அதிகமாக இழக்கிறது என்று 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்கர் இருவர் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகையால் சன்னமாகக் கேட்பவனுக்குக் கீழ் ஸ்தாயியில் சற்றே செழிப்பான ஹெட்போன்தான் பாட்டின் சமநிலையைக் காப்பாற்றித் தரும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் முதலானோர் நடத்திய பரிசோதனைகளிலும், பெரும்பாலான கேட்பவர்கள் விரும்பியது நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரை ஒத்த, மந்தரம் சற்று உயர்ந்த ஒலியைத்தான். இனிமைக்கும் உண்மைக்கும் ஜன்மப் பகை ஒன்றும் கிடையாது.

வாங்குமுன் மறுபடியும் இரண்டையும் கேட்டுப் பார். கடையில் போடும் பாட்டு வேண்டாம். உனக்கு மனப்பாடமான பாட்டுகளைக் கொண்டுபோ. இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேள், ஏனெனில் கொஞ்சம் உரக்கப் பாடுவதே எப்போதும் சிறந்ததுபோல் தோன்றும். முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து கேள். முதல் ஐந்து நிமிஷம் பளபளப்புக்கே ஜயம், களைப்பு அதற்குப் பிறகுதான் தெரியும்.

என் தீர்ப்பு: ஹெச்டி 650-ஐ வாங்கு. அது 300 ஓம் மின்தடையுள்ளது. செல்போன் மட்டும் அதற்குப் போதாது. ஆகவே சிறியதொரு ஆம்ப்ளிஃபையருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள். திறந்த முதுகுள்ள ஹெட்போன் ஆனபடியால் சத்தம் வெளியே கசியும், பஸ்ஸிலும் ரயிலிலும் உதவாது. பிற்காலத்தில் ஒலிப்பதிவு கற்றுக்கொள்ளப் போவதாக இருந்தால் அப்போது மற்றதைப் பற்றி யோசிக்கலாம். எதை வாங்கினாலும் ஒலியைக் கட்டுக்குள் வை. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்பவனுக்கு 80 டெசிபலே உச்சவரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமா