பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் சோக் அறியும் முறை

பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு லைசென்ஸ் பெற்று, பாட்டன் காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கியை வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் உளர். குழலின் தன்மை அறியாது பெரிய ஒற்றைக் குண்டிட்டுச் சுட்டால், குழல்வாய் உப்புதலும் வெடித்தலும் நேரக்கூடும். ஆகையால் சோக் அறியும் வழிகளை ஈண்டுக் கூறுவோம்.

சோக் யாது? ரவைகள் விரைவில் சிதறாதிருக்கும்படி, குழலின் துவாரம் வாயருகே சிறிது குறுகியிருப்பதே சோக் எனப்படும். பெரும்பாலும் முன்விசைக்குரிய வலக்குழலில் இது குறைந்தும், பின்விசைக்குரிய இடக்குழலில் மிகுந்தும் இருக்கும். இவ்வழக்கத்தை மட்டும் நம்பலாகாது.

முத்திரைகள்: இரு குழல்களிலும் தோட்டா இல்லையென்று நிச்சயித்தபின், குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காண்க. 1875-ஆம் வருஷத்து விதிப்படி, சோக் உள்ள குழலில் 'நாட் பார் பால்', அதாவது 'குண்டுக்கு ஆகாது' என்று பொறித்தனர். 1887 முதல் 'சோக்' என்ற சொல்லையே பொறித்தனர். சாய்சதுரத்துள் 12 என்ற எண்ணும் 'ஸி' என்ற எழுத்தும் இருப்பின் அதைச் சோக் என்று மயங்கற்க; அது தோட்டா அறையைக் குறிப்பது. முத்திரை சோக்கின் அளவைச் சொல்லாது. பிற்காலத்தில் குழல்வாயை அறுத்திருந்தால் சோக்கே போயிருக்கும்.

அளத்தல்: குழல்வாயில் நாணயத்தை வைத்துப் பார்ப்பது வீண். சோக் என்பது வாயின் அளவன்று. உட்துவாரத்துக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசமே. வாய் 0.719 அங்குலமுள்ள இரு குழல்களில், ஒன்றன் துவாரம் 0.739 ஆயின் அது அரைச் சோக். மற்றதன் துவாரமும் 0.719 ஆயின் அதில் சோக்கே இல்லை. 12 போர் துப்பாக்கியில் 0.010 அங்குல வித்தியாசம் கால் சோக், 0.020 அரை, 0.040 முழுச் சோக் என்பது பொதுக் கணக்கு. துப்பாக்கி பழுதுபார்க்கும் லைசென்ஸ்தாரரிடம் உட்துவாரக் கருவியால் அளந்துகொள்க.

காகிதப் பரீட்சை: அனுமதியுள்ள இடத்தில், பின்னே உயர்ந்த மண்மேடு அமைத்து, 40 கஜ தூரத்தில் பெரிய காகிதத்தைச் சுடுக. ரவைகள் நெருங்கிய இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டமுள்ள வட்டமிட்டு எண்ணுக. தோட்டாவிலுள்ள ரவைகளில் நூற்றுக்கு 70 வட்டத்துள் விழுந்தால் முழுச் சோக். 60 ஆயின் அரை. 40 ஆயின் சோக் இல்லை. பலமுறை சுட்டுச் சராசரி காண்க.

எச்சரிக்கை: சோக்கின் அளவு ஐயமற விளங்கும்வரை எக்குழலிலும் ஒற்றைக் குண்டு இடற்க. லைசென்ஸின்றிக் குழலைக் குறைத்தல் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றே காட்டுவிலங்கைச் சுட அனுமதியாகாது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் குடிகளுக்கு விளக்குவாராக.